ஆலைகளின் ஏலம் – 9: நாற்பத்தைந்து நாளில் ஒரு கார் ஆலை

அந்நிய முதலாளிகளை 1932-லும் 1934-லும் சட்டம் போட்டுத் தடுத்த அயர்லாந்து, கால் நூற்றாண்டுக்குப் பிறகு அவர்களிடம் "ஏற்றுமதி லாபத்துக்கு வரியே கட்ட வேண்டாம், வந்தால் போதும்" என்று சொன்ன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1956-ல் பாதி வரிவிலக்கு, 1958-ல் முழு விலக்கு, 1959-ல் ஷானன் விமான நிலையத்தை ஒட்டிச் சுங்கவரி இல்லாத தொழில் மண்டலம். ஐம்பதுகளில் மட்டும் நாலு லட்சம் பேரை வெளிநாட்டுக்குக் கப்பலேற்றிய ஒரு சிறு தேசம், வரியை விட்டுக்கொடுத்து வேலையை வாங்கக் கற்றுக்கொண்டது.

ஆனால் இந்த வித்தை அயர்லாந்துக்கு மட்டும் தெரிந்ததல்ல. அட்லாண்டிக்கின் மறுகரையில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ நாற்பதுகளின் இறுதியிலேயே இதைத் தொடங்கிவிட்டது. அயர்லாந்துத் தீவின் வடக்கே, பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட வட அயர்லாந்து, லண்டன் கருவூலத்தை நம்பி ரொக்க மானியம் கொடுத்துவந்தது. 1978-ல் இந்த மூன்று அரசுகளும் ஒரே ஆலைக்காக ஒரே ஆளிடம் பேசின. அந்தப் போட்டியில் யார் ஜெயித்தார்கள், ஜெயித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

கையில் கார் இல்லை, பெயர் இருந்தது

ஜான் டெலோரியன் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் மளமளவென்று உயர்ந்தவர். போன்டியாக் பிரிவின் தலைவராக இருந்தார். நிறுவனத்தின் உச்சப் பதவிக்கே வருவார் என்று டெட்ராய்ட்டில் பேச்சு அடிபட்ட சமயத்தில், 1973-ல் விலகினார். இரண்டு ஆண்டு கழித்துச் சொந்த நிறுவனம் தொடங்கினார். துருப்பிடிக்காத எஃகில், பெயின்ட் அடிக்காத உடல். பறவை சிறகை விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜுஜாரோ. 12,000 டாலருக்கு விற்பதாகத் திட்டம். அதனால்தான் பெயர் டி.எம்.சி.-12.

1978-ன் நடுவில் அவரிடம் இருந்தவை சோதனை வண்டிகள், விளம்பரப் புகழ், ஆளுக்கு 25,000 டாலருக்குப் பங்கு வாங்கிய அமெரிக்க விற்பனை முகவர்கள், தொலைக்காட்சி நட்சத்திரம் ஜானி கார்சன் உள்ளிட்ட சில முதலீட்டாளர்கள். ஆலை இல்லை. உற்பத்திக்குத் தயாரான வடிவமும் இல்லை. ஒரு கார் ஆலையைக் கட்டி எழுப்பத் தேவையான தொகையோடு ஒப்பிட்டால் சொந்தப் பணம் சொற்பம். மீதியை எந்த அரசு தருகிறதோ அந்த ஊரில் ஆலை வரும் என்பதே அவருடைய திட்டம். இதை ஒளித்துவைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை. எழுபதுகளின் இறுதியில் வேலையின்மையால் தவித்த அரசுகளிடம் 'இரண்டாயிரம் வேலை' என்ற சொல்லே போதுமான பிணையாக இருந்தது.

முதலில் முந்தியது போர்ட்டோ ரிக்கோ. மூடப்பட்ட ராமி விமானப்படைத் தளம் அங்கே காலியாகக் கிடந்தது. அமெரிக்க நிறுவனங்கள் அந்தத் தீவில் ஈட்டும் லாபத்துக்குக் கூட்டாட்சி வரியில் பெரும் சலுகை தரும் சட்டப்பிரிவு 1976-லேயே வந்திருந்தது. பேச்சு ஒப்பந்தத்தை நெருங்கியது. டெலோரியன் கையெழுத்தை மட்டும் தள்ளிப்போட்டார். கையில் ஒரு அரசின் சம்மதம் இருக்கும்போது இன்னொரு அரசிடம் பேசுவது எளிது. இந்த ஏலத்தில் பொருளை விற்பவர் முதலீட்டாளர், வாங்க வந்தவை அரசுகள். மற்றவர் என்ன விலை சொன்னார் என்பது விற்பவருக்கு மட்டுமே தெரியும். வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சரிபார்க்க வழியில்லை.

டப்ளின் கைவிட்ட ஆலை

அயர்லாந்துக் குடியரசின் தொழில் வளர்ச்சி ஆணையமான ஐ.டி.ஏ.விடமும் டெலோரியன் போனார். டப்ளினுக்கு அப்போது ஆலை தேவைப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. லிமெரிக் நகரில் டச்சுக் குழுமம் ஒன்றுக்குச் சொந்தமான ஃபெரென்கா ஆலை 1977-ன் இறுதியில் மூடப்பட்டு, 1,400 பேர் தெருவுக்கு வந்திருந்தார்கள். அதுவும் அரசின் சலுகைகளால் வந்த அந்நிய ஆலைதான். அதன் தலைமை நிர்வாகியை 1975-ல் ஆயுததாரிகள் கடத்திவைத்து, பிறகு விடுவித்தார்கள். தொழில் அமைச்சர் டெஸ்மண்ட் ஓமாலிக்கு லிமெரிக் சொந்தத் தொகுதி. புதிய கார் ஆலை என்று அறிவித்திருந்தால் கைதட்டல் நிச்சயம்.

ஆனாலும் டப்ளின் ஒதுங்கிக்கொண்டது. விற்பனைக் கணிப்பும், முதலீட்டாளர் போடும் பணத்தின் அளவும் அங்கே நம்பிக்கை தரவில்லை. இதை டப்ளின் அதிகாரிகளின் தனித்திறமை என்று சொல்லிவிட்டுப் போனால் பாதிக் காரணத்தைத்தான் சொன்னதாகும். ஐ.டி.ஏ. அதற்குள் ஆளைத் தேடிப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. யார் கதவைத் தட்டினாலும் திறக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மின்னணு, மருந்து ஆகிய துறைகளைக் குறிவைத்து ஆள் அனுப்பியது. ஃபைசர் 1969-ல் கார்க் துறைமுகத்தை ஒட்டி ரிங்காஸ்கிடிக்கு வந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் 1971-ல் கால்வேக்கு வந்தது. அனலாக் டிவைசஸ் 1976-ல் அதே லிமெரிக்குக்கு வந்தது. அடுத்து ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை உள்ளவர்களால்தான் இன்று வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியும்.

இன்னொரு காரணம் சலுகையின் வடிவத்திலேயே இருந்தது. ஐ.டி.ஏ.வும் மானியம் கொடுத்தது. ஆனால் டப்ளின் காட்டிய பெரிய கவர்ச்சி ஏற்றுமதி லாபத்துக்கு வரி இல்லை என்பதுதான். லாபமே வராத கம்பெனிக்கு அந்தச் சலுகையால் ஒரு பென்னிகூடப் பயனில்லை. டெலோரியனுக்கு வேண்டியது உடனடி ரொக்கம். நாளைய லாபத்தில் வரிவிலக்கு என்பது நாளை லாபம் வரும் என்று நம்புகிறவருக்குத்தான் இனிக்கும். அந்த வகையில் டப்ளினின் சலுகை தானாகவே ஒரு வடிகட்டியாக வேலை செய்தது.

பெல்ஃபாஸ்ட்: ஜூன் முதல் ஜூலை வரை

வடக்கே நிலைமை வேறு. கப்பல் கட்டும் தொழிலும் லினன் துணித்தொழிலும் தேய்ந்துகொண்டிருந்தன. அறுபதுகளில் மானியம் கொடுத்துக் கூட்டிவந்த செயற்கை நூலிழை ஆலைகளும் ஆட்டம் கண்டிருந்தன. இவற்றுக்கு மேல் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் தரப்புகளுக்கு இடையிலான ஆயுதக் கலவரம். 1973 டிசம்பரில் கிரண்டிக் ஆலையின் ஜெர்மானிய மேலாளர் பெல்ஃபாஸ்டில் கடத்தப்பட்டார். 1978-லும் அவர் கதி என்னவென்று தெரியவில்லை. 1977-ல் டூபான்ட் ஆலையின் மேலாளர் டெர்ரி நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட ஊருக்கு எந்த வெளிநாட்டு முதலாளி வருவார்?

வட அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சர் ராய் மேசன் பதினாலு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். வேலையில்லாத இளைஞர்களால்தான் ஆயுதக் குழுக்களுக்கு ஆள் கிடைக்கிறது என்று நம்பினார். கத்தோலிக்கர்கள் பெருவாரியாக வாழும் மேற்கு பெல்ஃபாஸ்டில் ஒரு பெரிய ஆலை வந்தால் அது ராணுவம் செய்ய முடியாததைச் செய்யும் என்பது அவர் கணக்கு.

முதல் தொடர்புக்கும் கையெழுத்துக்கும் இடையே ஏறத்தாழ 45 நாள். 1978 ஜூலை இறுதியில் ஒப்பந்தம் கையெழுத்தானது, ஆகஸ்ட் தொடக்கத்தில் அறிவிப்பு. மானியம், கடன், பங்கு மூலதனம் என்று மூன்று வழியிலும் சேர்த்துச் சுமார் 5.3 கோடி பவுண்டு. பதிலுக்கு 2,000 வேலை. ஒரு வேலைக்கு 26,500 பவுண்டு. விற்கும் ஒவ்வொரு காருக்கும் அரசுக்கு ராயல்டி உண்டு என்று ஒரு விதியும் எழுதினார்கள். கார் விற்றால்தானே ராயல்டி. ஆலோசனை கேட்கப்பட்ட மெக்கின்ஸி நிறுவனம், இது அசாதாரண ஆபத்து உள்ள முயற்சி என்று எச்சரித்தது. முகூர்த்த நாள் குறித்த பிறகு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பது போலத்தான் அந்த அறிக்கைக்கு இடம் கிடைத்தது. ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வுக்கு விழுந்த அடி என்று மேசன் ஒப்பந்தத்தைக் கொண்டாடினார்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். 1971-ல் மூன்று அமெரிக்கப் பெட்ரோலியப் பொறியாளர்கள் எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பூமிக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் மிகையாக மதிப்பிட்டவராகத்தான் இருப்பார் என்பது அவர்கள் கண்டது. அதற்கு 'ஜெயித்தவனின் சாபம்' என்று பெயர் வந்தது. 1978-ல் நடந்ததும் அதுவே. ஒரே காரை மூன்று அரசுகள் எடைபோட்டன. ஒன்று விலகியது, ஒன்று விலை பேசிக்கொண்டிருந்தது, ஒன்று கேட்டதைக் கொடுத்தது. 'மற்றவர்கள் தராததை நாம் தருகிறோமே, நம் கணிப்பில் கோளாறு இருக்குமோ' என்று பெல்ஃபாஸ்ட் யோசித்திருக்கலாம். ஏலத்தின் வேகம் அந்தக் கேள்விக்கு இடம் தரவில்லை. ஆலை இன்னும் மற்றவர் கைக்குப் போகாததே அதற்கு வாய்ப்பாகத் தெரிந்தது.

இரண்டு வாசல் கொண்ட ஆலை

பெல்ஃபாஸ்டின் தென்மேற்கு ஓரம், டன்மரி. ஒரு பக்கம் ட்வின்புரூக், கத்தோலிக்கக் குடியிருப்பு. மறுபக்கம் சீமோர் ஹில், புராட்டஸ்டன்ட் குடியிருப்பு. நடுவில் ஈரப் புல்வெளியாகக் கிடந்த நிலத்தில் 1978 அக்டோபரில் வேலை தொடங்கியது. இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஆனபோது ஆலை எழுந்து நின்றது. அந்தந்தப் பக்கத்துக்கு அதனதன் வாசல். உள்ளே ஒரே அசெம்பிளி லைன். வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் வேலை. இரு தரப்பு இளைஞர்களும் அருகருகே நின்று கதவு பொருத்தினார்கள். 1981 மே மாதம் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஐ.ஆர்.ஏ. கைதி பாபி சாண்ட்ஸ் இறந்தார். அவர் குடும்பம் இருந்தது ட்வின்புரூக்கில்தான். அந்தக் கொந்தளிப்பில் ஆலை வளாகத்து அலுவலகக் கட்டடம் பெட்ரோல் குண்டுக்கு இரையானது. அப்போதும் லைன் நிற்கவில்லை. ஒப்பந்தத்தில் மேசன் எதிர்பார்த்த ஒரு பலன் இது. எண்ணிக் காட்ட முடியாதது என்றாலும் உண்மையான பலன்.

கார் அப்படி அமையவில்லை. சோதனை வண்டியை உற்பத்திக்கு ஏற்ற வண்டியாக மாற்ற பிரிட்டிஷ் கார் நிறுவனமான லோட்டஸ் கிட்டத்தட்ட முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. எஞ்சின் பிரான்ஸிலிருந்து வந்தது. அனுபவமில்லாத கைகளும் அவசர அட்டவணையும் சேர்ந்ததில், அமெரிக்காவில் இறங்கிய முதல் வண்டிகளைத் தனி மையங்களில் பிரித்துப் பூட்டி, சிறகுக் கதவுகளைச் சரிபார்த்த பிறகே விற்பனைக்கு அனுப்ப முடிந்தது. 12,000 டாலர் என்று சொன்ன விலை 25,000 ஆனது. கையெழுத்தான காலத்தில் 2 டாலருக்குக் குறைவாக இருந்த பவுண்டு, 1980-ன் இறுதியில் 2.40-ஐத் தொட்டது, பெல்ஃபாஸ்டில் செய்து அமெரிக்காவில் விற்பவருக்கு அது பெரிய அடி. அமெரிக்காவில் வட்டி இருபது சதவீதத்தைத் தாண்டி, கார் சந்தையே படுத்துவிட்டது.

இதற்கிடையே லண்டனில் ஆட்சி மாறியது. தோற்கும் தொழிலுக்கு அரசுப் பணம் கூடாது என்று சொல்லி வந்த மார்கரெட் தாட்சரின் அரசே 1980-ல் மேலும் 1.4 கோடி பவுண்டு கடன் கொடுத்தது. கொள்கை மாறியதால் அல்ல. ஆலை முடியும் தறுவாயில் கைவிட்டால் அதுவரை போட்டதெல்லாம் போகும், மேற்கு பெல்ஃபாஸ்டில் அரசியல் விலையும் கொடுக்க வேண்டிவரும். முன்பணம் கொடுத்த அரசு பிறகு கறார் பேச முடியாது. பேச்சில் பிடி பணம் வாங்கியவர் கைக்கே போய்விடுகிறது.

1981-ன் இறுதியில் ஆலை நாளுக்கு 80 கார் செய்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. 1982 ஜனவரி முடிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். புதிய அமைச்சர் ஜேம்ஸ் பிரையர் இனிப் பணம் இல்லை என்றார். பிப்ரவரி 19 அன்று ஆலை, கடனில் மூழ்கிய நிறுவனத்தைப் பொறுப்பேற்கும் ரிசீவர் கைக்குப் போனது. அக்டோபரில் கதவு மூடியது; அதே நாட்களில் டெலோரியன் லாஸ் ஏஞ்சலீஸில் போதைப்பொருள் வழக்கில் கைதானார். இரண்டு ஆண்டுக்குப் பின் அந்த வழக்கில் விடுதலையானார். மொத்தம் சுமார் 9,000 கார். போன பிரிட்டிஷ் பொதுப்பணம் ஏறத்தாழ 8 கோடி பவுண்டு.

லோட்டஸ் செய்த வேலைக்குக் கூலி என்ற பெயரில் 1.76 கோடி டாலருக்கு மேல், பனாமாவில் பதிவான ஜி.பி.டி. என்ற நிறுவனத்தின் வழியே போய் மறைந்தது பிறகு வெளியே வந்தது. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1982 டிசம்பரில் இறந்துவிட்டார். அவருடைய நிதி நிர்வாகி ஃப்ரெட் புஷெல் 1992-ல் பெல்ஃபாஸ்டில் சிறைத்தண்டனை பெற்றார். டெலோரியன் 1986-ல் டெட்ராய்ட் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார்.

மறுத்துச் சொல்வோருக்கு

இந்தக் கதையை ஒரு மோசடிக் கதையாகச் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது போல மறைந்த பணம் ஒரு பெரும் குற்றம். ஆனால் 8 கோடி பவுண்டோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான். அந்தப் பணம் மறையாமல் இருந்திருந்தாலும் 25,000 டாலர் காரை அன்றைய அமெரிக்கச் சந்தையில் ஆண்டுக்குப் பல்லாயிரக்கணக்கில் விற்றிருக்க முடியாது. திட்டம் கணக்கிலேயே தோற்றது. திருட்டு அதற்குப் பிறகு வந்தது.

வேலையில்லாதவர்களுக்கு எப்படியும் உதவித்தொகை கொடுத்திருக்க வேண்டுமே, அதைக் கழித்துப் பாருங்கள் என்பது அடுத்த வாதம். கழிக்கத்தான் வேண்டும். உச்சத்தில் ஆலையில் இருந்தவர்கள் சுமார் 2,600 பேர். ஆளுக்கு 30,000 பவுண்டு விழுகிறது. அன்றைய ஆலைத் தொழிலாளியின் பல வருடச் சம்பளம் அது. வேலை நீடித்ததோ பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுக்கும் குறைவு. உதவித்தொகையைக் கழித்தாலும் கணக்கு நேராகவில்லை.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. சலுகை இல்லாமல் கலவர பூமிக்கு யாரும் வரமாட்டார்கள், ஆகவே பெல்ஃபாஸ்டுக்கு வேறு வழியில்லை என்கிறார்கள். இதில் முதல் பாதியை மறுக்க முடியாது. கூடுதல் ஆபத்துக்குக் கூடுதல் விலை நியாயமே. ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பது ஒரு கேள்வி, எப்போது கொடுப்பது என்பது வேறு கேள்வி. இதே தொகையைக் கட்டம் கட்டமாக, இத்தனை ஆள் வேலையில் இருந்தால் இவ்வளவு, இத்தனை கார் விற்றால் இவ்வளவு என்று பிரித்திருக்கலாம். முதலீட்டாளர் தன் பணத்தை முதலில் போட்ட பிறகே அரசின் பணம் என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் டெலோரியன் வந்திருக்க மாட்டார் என்றால், அதுவே அவரைப் பற்றிய மிக நல்ல விசாரணை அறிக்கையாக இருந்திருக்கும்.

அவசரப்படும் அரசுக்கு அந்த நிபந்தனையை எழுதும் துணிவு வருவதில்லை. அறிவிப்பின் புகழ் கையெழுத்திட்ட அமைச்சருக்கு உடனே கிடைக்கிறது. கணக்கு முடியும்போது நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார். ஒப்பந்தத்தை அறிவித்தவர் மேசன், ஆலையை மூடியவர் பிரையர். பணம் பெல்ஃபாஸ்டின் சொந்தப் பணம்கூட இல்லை, லண்டன் கருவூலத்தினுடையது. தேவை ஒருவருக்கு, பணம் இன்னொருவருக்கு, பொறுப்பு மூன்றாமவருக்கு என்று பிரிந்திருக்கும் இடத்தில் ஏலத்தொகை ஏறாமல் வேறென்ன செய்யும்? சலுகை கொடுத்ததற்காக மேசனைக் குறை சொல்ல மாட்டேன். வேலை வந்துசேரும் முன்பே பணம் போய்ச்சேரும்படி ஒப்பந்தம் எழுதியதுதான் பிழை.

டப்ளினின் கணக்கு

அப்படியானால் லாபம் வந்த பிறகே பலன் தரும் டப்ளின் முறை குற்றமற்றதா? அவசரப்பட்டு ஆமாம் போட்டுவிட வேண்டாம். மானியம் கொடுத்தால் அது பட்ஜெட்டில் ஒரு வரியாகத் தெரியும். நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்கும். தோற்றால் இன்ன தொகை போயிற்று என்று நாற்பது ஆண்டு கழித்தும் எழுதலாம். வசூலிக்காமல் விட்ட வரி எந்தப் பக்கத்திலும் தெரிவதில்லை. மானியத்தில் தோல்வி சீக்கிரம் அம்பலமாகிவிடும். வரிவிலக்கின் விலை, நிறுவனம் வெற்றிபெறப் பெறக் கூடிக்கொண்டே போகும்.

டன்மரியில் தொழிலாளர்கள் எஃகுக் கதவுகளைப் பொருத்தப் பழகிக்கொண்டிருந்த அதே 1980-ல், கார்க் நகரின் ஹாலிஹில்லில் ஒரு சிறு அமெரிக்கக் கணினி நிறுவனம் ஆலை திறந்தது. அதன் பெயர் ஆப்பிள். ஏற்றுமதிக்கு மட்டும் வரிவிலக்கு தருவது பாரபட்சம் என்று பிரஸ்ஸல்ஸில் இருந்த ஐரோப்பியச் சமூகத்தின் நிர்வாகம் அதற்குள் டப்ளினை நெருக்கத் தொடங்கியிருந்தது. 1981 ஜனவரி 1 முதல் டப்ளின் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது: உற்பத்தித் தொழில் யாவற்றுக்கும் பத்தே சதவீத வரி.

முன்னால் கொடுத்த பெல்ஃபாஸ்ட் இழந்த தொகை நமக்குத் தெரியும். பின்னால் விட்டுக்கொடுத்த டப்ளின் எவ்வளவு கொடுத்தது, அதை யார் எண்ணினார்கள்? அடுத்த வாரம் பார்ப்போம்.